ஊசியிலைத் தேநீரும் காட்டுச் செடித் தேநீரும்: எந்த மரத்துக்கு எந்தச் சுவை?

பச்சையம் (இழையைத் தொடங்கியவர்)

ஊசியிலைத் தேநீர் என்று பேச்செடுத்தாலே "ஐயோ, பிசின் வாடை!" என்று முகத்தைச் சுளிக்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் பலர் ஏதோ ஒரு மரத்தின் முற்றிய இலையைப் பறித்து, கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, ஒரு வாய் குடித்துவிட்டு ஒதுங்கியவர்கள். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பச்சைதான். கோப்பையில் போட்டால் ஒவ்வொன்றும் தனி. அதைச் சுவைத்து அறிந்தவர்கள் இங்கே வந்து எழுத வேண்டும் என்றுதான் இந்த இழை.

முதலில் நான் குடித்தவற்றைச் சொல்கிறேன்.

வெள்ளை பைன்: மென்மையான தேநீர். லேசான இனிப்பு, நுனி நாக்கில் எலுமிச்சைத் தோல் வாசம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஸ்காட்ஸ் பைன் இதைவிடக் கனமானது. பிசின் மணம் முன்னால் வந்து நிற்கும்.

ஸ்ப்ரூஸ்: முற்றிய இலை கரடுமுரடு, எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் இளவேனிலில் கிளை நுனியில் வெளிர்பச்சையாக ஒரு துளிர் வரும் பாருங்கள், பழுப்புத் தொப்பியைத் தள்ளிக்கொண்டு, அது வேறு உலகம். நல்ல புளிப்பு. பச்சையாகவே மென்று தின்னலாம்.

பால்சம் ஃபிர்: குடித்த பிறகு தொண்டையில் குளிர்ச்சி தங்கும். ஃபிர் மரங்களில் போர்னைல் அசிடேட் என்ற மணப்பொருள் அதிகம். காட்டுக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுகிற அந்த வாசத்தில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

கிராண்ட் ஃபிர், டக்ளஸ் ஃபிர்: இரண்டிலும் ஆரஞ்சுத் தோலின் மணம். டக்ளஸ் ஃபிர் உண்மையில் ஃபிர் இனமே இல்லை, தனிப் பேரினம். ஆனால் கோப்பையில் என் முதல் தேர்வு அதுதான்.

வைக்கும் முறை: இலையை அலசி, பைன் என்றால் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பு உறையைக் கிள்ளி எறிந்துவிட்டு, பொடியாக நறுக்க வேண்டும். ஒரு கோப்பைக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். தண்ணீர் கொதித்ததும் அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கிய பிறகு ஊற்றி, உடனே மூடி போட்டுவிடுங்கள். பத்து நிமிடம். அந்த மூடி ரொம்ப முக்கியம். இந்த இலைகளின் மணம் முழுக்க டெர்பீன் என்ற எண்ணெய்ப் பொருள்களில் இருக்கிறது. அவை தண்ணீரில் சரியாகக் கரையாது, ஆவியோடு பறந்துவிடும். திறந்து வைத்தால் வீடு மணக்கும், தேநீர் மணக்காது.

சுவைப்பதிலும் அவசரம் கூடாது. சூடாக ஒரு வாய், வெதுவெதுப்பாக ஒரு வாய், ஆறிய பிறகு ஒரு வாய். சூட்டில் பழத்தோல் மணம் மேலே நிற்கும். ஆற ஆறத் துவர்ப்பு எட்டிப் பார்க்கும். ஆறிய பிறகும் குடிக்க நன்றாக இருந்தால் அது நல்ல தேநீர்.

கொதிகெண்டி

இழைக்கு நன்றி. ஆனால் ஊறவைப்பதோடு நிறுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் இருபது நிமிடம் சிறு தீயில் கொதிக்க விடுகிறேன். நிறம் இறங்கும், கனம் இருக்கும், குடித்தோம் என்ற திருப்தி வரும். ஊறவைத்தால் மணமுள்ள வெந்நீர்தான் கிடைக்கிறது. வடக்குக் காடுகளில் வாழ்ந்த பழங்குடி மக்களும் கொதிக்க வைத்துத்தானே குடித்தார்கள்?

மலைநடை

சுவைக்குப் போவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், இந்த இழையைப் படித்துவிட்டு யாராவது நேராக மரத்தடிக்குப் போய்விடக் கூடாது.

யூ மரம். தாவரவியலில் டாக்ஸஸ். இதுவும் பசுமை மாறாதது, இதற்கும் ஊசி போன்ற இலைதான். பூங்காக்களில், வேலிகளில், கல்லறைத் தோட்டங்களில் நிறைய வளர்க்கிறார்கள். விதையைச் சுற்றியிருக்கும் சிவப்புச் சதை ஒன்றைத் தவிர இதன் இலை, பட்டை, விதை எல்லாமே நஞ்சு. டாக்ஸீன் (taxine) என்ற ஆல்கலாய்டுகள் நேராக இதயத் துடிப்பைக் குலைக்கின்றன. மாற்று மருந்து கிடையாது. காய வைத்தாலும் கொதிக்க வைத்தாலும் நஞ்சு போகாது. பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்துதான் பாக்லிடாக்ஸல் என்ற புற்றுநோய் மருந்து கண்டுபிடிக்கப்பட்டது, உண்மை. ஆனால் அந்த மருந்தைப் பிரித்தெடுப்பதும் இலையை வெந்நீரில் போடுவதும் ஒன்றல்ல. "மருந்து மரம்தானே" என்று நினைத்துக் கிட்டப் போகாதீர்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஹெம்லாக் என்ற பெயரில் ஒரு ஊசியிலை மரம் இருக்கிறது. அதன் தேநீர் சாதுவானது. அதே பெயரில் கேரட் குடும்பத்தைச் சேர்ந்த செடி ஒன்றும் உண்டு, கி.மு. 399-இல் சாக்ரடீஸின் உயிரைக் குடித்தது அதுதான். பெயரைக் கேட்டு எதையும் பறிக்காதீர்கள், செடியைப் பார்த்துப் பறியுங்கள்.

ஜூனிப்பரிலும் கவனம் வேண்டும். சாதாரண ஜூனிப்பரின் கனி உணவுக்குப் பயன்படுகிறது. சாவின் ஜூனிப்பர் நஞ்சு.

துளிர்

எல்லோருக்கும் வணக்கம். நான் இதற்குப் புதியவள். மலைநடை அண்ணா எழுதியதைப் படித்ததும் பயம் வந்துவிட்டது. பைன், ஸ்ப்ரூஸ், ஃபிர், யூ நான்கையும் கையில் வைத்துக்கொண்டு எப்படிப் பிரித்துச் சொல்வது? படங்களைப் பார்த்தால் எல்லாம் ஒன்றாகவே தெரிகிறது.

பச்சையம்

துளிர், அந்தப் பயம் நல்லதுதான், விட்டுவிடாதீர்கள். படத்தைவிட விரல் நன்றாகக் கற்றுக்கொடுக்கும்.

ஒரு சிறு கிளையை எடுத்து இலை எப்படி முளைத்திருக்கிறது என்று பாருங்கள். பைன் என்றால் இலைகள் கொத்துக் கொத்தாக, ஒரே உறையிலிருந்து கிளம்பும். வெள்ளை பைனில் ஒரு கொத்துக்கு ஐந்து, ஸ்காட்ஸ் பைனில் இரண்டு. இலை தனித்தனியாக இருந்தால் பைன் இல்லை.

தனி இலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டுங்கள். ஸ்ப்ரூஸ் இலை பெரும்பாலும் நான்கு பட்டையாக இருக்கும், கடகடவென்று உருளும். நுனி குத்தும். இலை உதிர்ந்த குச்சியைத் தடவினால் அரம் மாதிரி சொரசொரப்பு, ஏனென்றால் ஒவ்வொரு இலையும் ஒரு சின்ன மரமுளையில் உட்கார்ந்திருந்தது; இலை போனாலும் முளை அங்கேயே நிற்கும்.

ஃபிர் இலை தட்டை, உருளாது. திருப்பிப் பார்த்தால் அடியில் இரண்டு வெளிர் கோடுகள் ஓடும். இலை உதிர்ந்த இடத்தில் வட்டமான தழும்பு, குச்சி வழுவழுப்பு. டக்ளஸ் ஃபிருக்கு மொட்டு கூர்மையாக இருக்கும். கீழே காய் (செதில் செதிலான கூம்பு) கிடந்தால் இன்னும் எளிது: செதில்களுக்கு இடையிலிருந்து மூன்று முனை கொண்ட நாக்கு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வேறு எந்தக் காயிலும் இப்படிப் பார்க்க முடியாது.

இப்போது யூ. அதுவும் தட்டை, அதனால்தான் ஃபிர் என்று ஏமாறுகிறார்கள். ஆனால் அடிப்பக்கம் மஞ்சள் கலந்த வெளிர்பச்சை, பளிச்சென்ற வெள்ளைக் கோடு இருக்காது. இலையின் காம்பு குச்சியோடு ஒட்டிக் கீழே இறங்கும். மரக்காய் கிடையாது, சிவப்புக் கிண்ணம் போன்ற சதைக்குள் ஒற்றை விதை. கசக்கி முகர்ந்தால் பிசின் மணமோ பழத்தோல் மணமோ வராது.

எந்த ஒரு அடையாளத்தையும் தனியாக நம்ப வேண்டாம். இலை, குச்சி, காய், மணம் நான்கும் ஒத்துப் போனால் மட்டும் பறியுங்கள். தோட்டத்தில் நட்டுவைத்த மரம் என்றால் மருந்து அடித்திருப்பார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சாலையோர மரம் வேண்டவே வேண்டாம்.

பழைய ஏடு

கொதிகெண்டி கேட்ட கேள்விக்கு வரலாற்றிலிருந்து ஒரு பதில்.

1535-36 குளிர்காலத்தில் பிரெஞ்சுக் கடலோடி ழாக் கார்த்தியேயின் கப்பல்கள் இன்றைய கியூபெக் நகரத்துக்குப் பக்கத்தில் பனியில் சிக்கிக்கொண்டன. வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் பிடித்தது. ஈறு அழுகி, கால் வீங்கி, 25 பேர் இறந்துபோனார்கள். ஸ்டடகோனா என்ற பழங்குடி ஊரைச் சேர்ந்த டொமகாயா என்பவர் அதே நோயிலிருந்து மீண்டு நடமாடுவதைக் கார்த்தியே கவனித்துக் கேட்டார். 'அன்னெதா' என்ற மரத்தின் இலையையும் பட்டையையும் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும், கசடை வீங்கிய காலில் வைத்துக் கட்ட வேண்டும் என்று வழி காட்டினார்கள். ஒரு பெரிய மரத்தையே சில நாட்களில் காலி செய்தார்கள் மாலுமிகள். பிழைத்தார்கள். அது வெள்ளை சீடார் எனப்படும் தூயாவா, பால்சம் ஃபிரா, வேறொன்றா என்று அறிஞர்கள் இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எலுமிச்சையும் ஆரஞ்சும் ஸ்கர்வியைக் குணப்படுத்தும் என்று பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் 12 மாலுமிகளை வைத்துச் சோதித்துக் காட்டியது 1747-இல்தான். அதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு பழங்குடிச் சமூகம் மரத்தைக் காட்டி மருந்து சொல்லியிருக்கிறது. இது உரிய பாராட்டைப் பெறவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

1773-இல் நியூசிலாந்தின் டஸ்கி சவுண்டில் கேப்டன் குக் ரிமு மரக் கிளையையும் மனுகா இலையையும் சேர்த்து ஒரு பானம் வடித்தார், அதுவும் ஸ்கர்விக்காகத்தான். மனுகா இலையைத் தேநீராகவும் போட்டுக் குடித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் லெனின்கிராடு முற்றுகையில் சிக்கியபோது அந்த நகரத்தில் பைன் இலைச் சாறு தயாரித்து மக்களுக்குக் கொடுத்தார்கள். பஞ்சத்தில் காய்கறி இல்லை, ஊசியிலை இருந்தது.

ஆகவே, கொதிகெண்டி, கொதிக்க வைத்தார்கள் என்பது சரி. ஆனால் உயிருக்குப் போராடிக்கொண்டு, மரம் மரமாகக் குடித்தார்கள். சுவைக்காகக் குடிக்கவில்லை.

கொதிகெண்டி

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. ஆனாலும் குளிரில் நடந்து வந்து உட்காரும்போது எனக்குக் கனமான தேநீர்தான் வேண்டும். கசப்பும் ஒரு சுவைதானே? அதை எதற்கு விரட்ட வேண்டும்?

பச்சையம்

கசப்பை நானும் விரட்டச் சொல்லவில்லை. கொதிக்க வைத்தால் நடப்பது என்னவென்றால், மணம் ஆவியோடு போகிறது, டானின் என்ற துவர்ப்புப் பொருள் இறங்கி நாக்கை வறட்டுகிறது, சூடும் காற்றும் பட்டு வைட்டமின் சியும் குறைகிறது. பாத்திரத்தின் விளிம்பில் பிசின் ஒட்டிக்கொள்ளும், தேய்த்தாலும் போகாது. கனம் வேண்டுமானால் இலையை இரண்டு மடங்காகப் போட்டு ஊறவிடுங்கள். அல்லது முதலில் மூடி போட்டு ஊறவைத்து அந்தத் தேநீரை வடித்து வைத்துக்கொண்டு, அதே இலையை இரண்டாவது தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, இரண்டையும் கலந்து பாருங்கள். மணமும் இருக்கும், கனமும் இருக்கும்.

நலவிரும்பி

பைன் தேநீரில் சுராமின் என்ற மருந்து இருக்கிறது, எல்லாத் தொற்றையும் முறிக்கும் என்று ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. தினமும் மூன்று வேளை குடிக்கலாமா?

மலைநடை

அந்தச் செய்தி தவறு. சுராமின் 1916 வாக்கில் ஆய்வகத்தில் செய்யப்பட்ட செயற்கை மருந்து, ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்குக் கொடுப்பது. எந்த மரத்திலும் அது இல்லை. பைன் இலையில் இருப்பது ஷிகிமிக் அமிலம். ஒரு ஃப்ளூ மருந்தைத் தயாரிக்க அந்த அமிலம் மூலப்பொருளாகிறது, அதற்காக அமிலமே மருந்து ஆகிவிடாது. காய்ச்சல் என்றால் மருத்துவரைப் பாருங்கள். தேநீரைத் தேநீராகக் குடியுங்கள், எப்போதாவது, ஒரு கோப்பை.

வனமல்லி

ஊசியிலையிலேயே நின்றுவிட்டோம், காட்டுச் செடிகளுக்கு வருவோமா? எனக்கு மிகவும் பிடித்தது ஃபயர்வீட். காட்டுத்தீ எரிந்த நிலத்தில் முதலில் வந்து ஊதாப்பூவாகப் பூத்து நிற்கும். ரஷ்யாவில் இதை இவான் சாய் என்கிறார்கள். வெறும் இலையைக் காயவைத்துப் போட்டால் புல் வாசம்தான் வரும். செய்ய வேண்டியது வேறு.

பறித்த இலையை நிழலில் பரப்பி வாடவிட வேண்டும். நடு நரம்பை மடக்கினால் முறியாமல் வளைய வேண்டும், அதுதான் பதம். பிறகு சில இலைகளை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து அழுத்தி உருட்டுங்கள். முதலில் ஒன்றும் ஆகாது. கொஞ்ச நேரத்தில் இலை கறுத்து, ஈரம் கசிந்து, கையில் ஒட்ட ஆரம்பிக்கும். அந்தச் சுருள்களை ஒரு கிண்ணத்தில் அடைத்து ஈரத்துணி போட்டு மூடி வைத்தால், சில மணி நேரத்தில் புல் வாசம் போய்ப் பழ வாசம் வரும். அந்த வாசம் உச்சத்தில் இருக்கும்போதே குறைந்த சூட்டில் உலர்த்திவிட வேண்டும், தாமதித்தால் புளித்துவிடும். கருந்தேநீரில் இலை கறுப்பதும் இதே வினைதான். கோப்பையில் செம்பழுப்பு நிறம், மென்மையான இனிப்பு. கஃபீன் துளியும் இல்லை, இரவிலும் குடிக்கலாம்.

கஃபீன் வேண்டும் என்பவர்களுக்கு அமெரிக்காவின் தென்கிழக்கில் வளரும் யோபன் இருக்கிறது. தென் அமெரிக்காவில் தேநீராகக் குடிக்கும் மாத்தே செடியின் உறவு. அதுவும் பசுமை மாறாத இலைதான்.

நெட்டில்: தொட்டால் சுரீரென்று அரிக்கும், வெந்நீர் பட்டதும் அந்தக் குணம் போய்விடும். பூப்பதற்கு முன்னால் நுனிக் கொழுந்தை மட்டும் பறிக்க வேண்டும். கீரை வெந்த நீர் போன்ற லேசான உப்புச் சுவை. தேநீர் என்று எதிர்பார்க்காமல் குடித்தால் பிடிக்கும்.

ஸ்டாக்ஹார்ன் சுமாக்: இதற்கு வெந்நீரே வேண்டாம். நிமிர்ந்து நிற்கும் செந்நிறக் காய்க்கொத்தைக் குளிர்ந்த நீரில் கசக்கி ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். சுண்டியிழுக்கும் புளிப்பு. வெந்நீர் ஊற்றினால் டானின் இறங்கிப் பானத்தைக் கெடுத்துவிடும். வெள்ளைக் காய் தொங்கினால் அது நஞ்சுச் சுமாக், தொடவே கூடாது.

காட்டு ரோஜாக் காயையும் துணியில்தான் வடிக்க வேண்டும். உள்ளே இருக்கும் பூனைமுடி தொண்டையை அரிக்கும்.

துளிர்

லாப்ரடார் தேநீர் என்று ஒன்று கேள்விப்பட்டேன். அதுவும் பசுமை மாறாததுதானே அக்கா?

வனமல்லி

ஆமாம் துளிர், சதுப்பு நிலத்தில் வளரும் ரோடோடென்ட்ரான் வகை. மணம் அபாரம், பிசினும் பூவும் கலந்த மாதிரி. ஆனால் இதை லேசாக ஊறவைத்துக் கொஞ்சமாகத்தான் குடிக்க வேண்டும், நெடுநேரம் கொதிக்க வைக்கவே கூடாது. அதே சதுப்பில் போக் லாரல் என்ற நச்சுச் செடியும் பக்கத்திலேயே நிற்கும். இலையைத் திருப்பிப் பாருங்கள்: லாப்ரடாரில் அடிப்பக்கம் துருநிறக் கம்பளி போல அடர்ந்த முடி, போக் லாரலில் வெளுத்த வெறும் பரப்பு. இளம் இலையில் இந்த முடி இன்னும் துருநிறம் ஆகியிருக்காது, அதனால் முற்றிய இலையைத் தேர்ந்தெடுப்பதுதான் நல்லது.

மலைநடை

வனமல்லி சொன்னதோடு உலர்த்துவதைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஸ்வீட் க்ளோவர் நல்ல வாசமான செடி, கூமரின் என்ற மணப்பொருள் கொண்டது. அது சரியாகக் காயாமல் பூஞ்சை பிடித்தால், கூமரின் டைகூமராலாக மாறி இரத்தம் உறைவதைத் தடுக்கும். 1920-களில் வட அமெரிக்காவில் பூஞ்சை பிடித்த க்ளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து செத்தன. அந்த ஆராய்ச்சியின் வழியில்தான் பின்னாளில் வார்ஃபரின் மருந்து வந்தது. எந்த மூலிகையானாலும் பூஞ்சை வாடை அடித்தால் மொத்தமாகக் கொட்டிவிடுங்கள்.

காம்ஃப்ரே என்று நினைத்து ஃபாக்ஸ்கிளவ் இலையில் தேநீர் போட்டு இதயம் பாதிக்கப்பட்டவர்கள் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள். பூ இல்லாத காலத்தில் இரண்டு இலையும் அவ்வளவு ஒத்துப்போகும். காம்ஃப்ரேயே கல்லீரலுக்கு ஆகாது என்பதால் அதை நான் பறிப்பதே இல்லை. கோல்ட்ஸ்ஃபுட்டும் அப்படித்தான்.

துளிர்

வீட்டில் என் அக்கா கர்ப்பமாக இருக்கிறார். அவருக்கும் ஒரு கோப்பை கொடுக்கலாமா?

மலைநடை

வேண்டாம் அம்மா. பாண்டரோசா பைன் இலையைத் தின்ற சினை மாடுகள் கன்று வீசுகின்றன; அதற்குக் காரணம் ஐசோகுப்ரெசிக் அமிலம் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். வேறு சில ஊசியிலைகளிலும் அது உண்டு. கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் ஊசியிலைத் தேநீரை மொத்தமாகத் தவிர்க்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் எந்தக் காட்டுச் செடியானாலும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும். விண்டர்கிரீன் இலையில் மெத்தில் சாலிசிலேட் இருப்பதால் ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதுவும் ஆகாது.

துளிர்

சரி அண்ணா, அவருக்குக் கொடுக்க மாட்டேன். நான் இன்று ஐந்து இலைக் கொத்துள்ள பைனைக் காய், குச்சி, மணம் எல்லாம் ஒத்துப் பார்த்துவிட்டுப் பறித்துப் போட்டேன். சூடாக இருக்கும்போது எலுமிச்சைத் தோல் மணம் தெளிவாகத் தெரிந்தது. மேலே ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் மிதந்தது, வெளிச்சத்தில் நிறம் நிறமாக மின்னியது. அது அழுக்கா?

பச்சையம்

அழுக்கில்லை, இலையின் மண எண்ணெய்தான். மூடி போட்டதற்குக் கிடைத்த பலன்.

கொதிகெண்டி

இரண்டு தண்ணீர் முறையைச் செய்து பார்த்தேன், பச்சையம். ஸ்காட்ஸ் பைனில். முதல் தண்ணீரின் மணம் அப்படியே நிற்கிறது, இரண்டாவதால் அடிக்கனம் வருகிறது. எனக்கு இது போதும். ஆனால் குளிர்காலத்து முற்றிய ஸ்ப்ரூஸுக்கு மட்டும் நான் இன்னும் கொதியைத்தான் நம்புகிறேன், அதன் கரடு எனக்குப் பிடித்திருக்கிறது.

வனமல்லி

ஃபயர்வீட் இரண்டு பங்கு, டக்ளஸ் ஃபிர் ஒரு பங்கு சேர்த்துப் பாருங்கள். ஃபயர்வீட்டின் இனிப்பு அடியில் நிற்கும், ஆரஞ்சு மணம் மேலே வரும். தேன் தேவைப்படாது. ஃபிர் இலையைக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு மட்டும் போட்டால் போதும்.

துளிர்

கடைசியாக ஒன்று. ஸ்ப்ரூஸ் துளிர் கொஞ்ச நாள்தான் கிடைக்கும் என்கிறீர்கள். காயவைத்து எடுத்து வைக்கலாமா?

பச்சையம்

காயவைத்தால் மணம் பாதிக்கு மேல் போய்விடும். உறைபெட்டியில் வையுங்கள், புளிப்பும் மணமும் நன்றாகவே நிற்கும். பறிக்கும்போது ஒரே மரத்தை மொட்டையடிக்காதீர்கள். அந்தத் துளிர்தான் அந்தக் கிளையின் அந்த ஆண்டு வளர்ச்சி, கிள்ளிய இடம் அந்த ஆண்டு நீளாது. பக்கக் கிளைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுங்கள், மரத்தின் உச்சிக் குருத்தைத் தொடவே வேண்டாம். இளங்கன்றுகளையும் விட்டுவிடுங்கள்.